லாங் பஜாரா, ஜவுளிக்கடையா, சென்னை மாலா? கடைக்குப் போகவே பிடிக்காதவங்களுக்கு ஒரு அலசல்

வேலூர்ல இருக்கறவங்க துணிமணி எடுக்கணும்னா இன்னைக்கு மூணு வழி இருக்கு. லாங் பஜார், சாரதி மாளிகைன்னு நம்ம ஊர் பழைய கடைங்க ஒண்ணு, மாடி மாடியா ஏசி போட்ட பெரிய ஜவுளிக்கடை ஒண்ணு, காட்பாடில ரயில் ஏறி சென்னை போயி மால்ல எடுக்கறது ஒண்ணு. எங்க மலிவு, எங்க புது மாடல் வருதுன்னு சொல்றதுக்கு ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, நான் பார்க்கறது வேற விஷயம். கடைக்குப் போறதே பிடிக்காம, ஆனா தீபாவளி, கல்யாணம், பசங்க காலேஜ் சேர்றதுன்னு போயே ஆகணும்னு இருக்கற ஆளுக்கு இந்த மூணுல எது கம்மி கஷ்டம்?

ஷாப்பிங் பிடிக்காதுன்னு சொன்னாலே கையிலேர்ந்து காசு எடுக்க மனசு வராதவன்னு நினைச்சுக்கறாங்க. என்னை மாதிரி ஆளுங்களுக்கு காசு பிரச்சனையே கிடையாது, எதை எடுக்கறதுன்னு முடிவு பண்றதுதான் பிரச்சனை. நீல சட்டை ஒண்ணு வேணும்னு போவோம், அங்க நாற்பது நீலம் தொங்கும், அஞ்சு நிமிஷத்துல தலை கிர்ருன்னு ஆயிடும். அதனால என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான், அந்த முடிவுல பாதி பாரத்தை யாரு நமக்காக தூக்கறாங்க?

முதல்ல சென்னை மால்களை எடுத்துக்குங்க. சென்னையில பேர் தெரிஞ்ச மால்னா ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2010ல வந்தது, வேளச்சேரி ஃபீனிக்ஸ் 2013, அண்ணா நகர் பக்கம் விஆர் மால் 2018. காட்பாடிலேர்ந்து சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ்ல சுமார் ரெண்டு மணி நேரம், அங்கேர்ந்து மெட்ரோ பச்சை லைன்ல ஏறினா விஆர் மாலுக்கு திருமங்கலம், விஜயா மாலுக்கு வடபழனின்னு நேரா இறங்கிக்கலாம், எக்ஸ்பிரஸ் அவென்யூன்னா சென்ட்ரல்லேர்ந்து ஆட்டோவே போதும், வேளச்சேரின்னா அதுக்கு மேல இன்னொரு பயணம். உள்ள போனதும் முதல்ல வர்ற உணர்ச்சி நிம்மதிதான், அதை மறைக்க வேண்டியதில்ல. மே மாசத்துல நம்ம ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டி நிக்கும்போது அந்த ஜில்லுன்னு காத்துக்கு எவ்ளோ வேணாலும் கொடுக்கலாம்.

அந்த நிம்மதிக்குன்னே கண்டுபிடிச்ச இடம்தான் மால். முழுசா மூடின முதல் மால் 1956ல அமெரிக்காவுல மினசோட்டாவுல வந்த சவுத்டேல், கட்டினவரு விக்டர் க்ரூயன், வியன்னாவுல பொறந்த ஆர்க்கிடெக்ட். அங்க குளிர் தாங்க முடியாம கட்டினாங்க, இங்க நமக்கு வெயில் தாங்க முடியல. அவரு பேர்லயே ஒரு விஷயம் சொல்வாங்க, க்ரூயன் டிரான்ஸ்ஃபர்னு, ஒரு பொருளை வாங்க வந்த ஆளு உள்ள வந்ததும் அந்த வெளிச்சத்துலயும் சுத்து வழியிலயும் வந்த வேலையை மறந்துட்டு சும்மா சுத்த ஆரம்பிக்கற அந்த நிமிஷம். நிறைய மால்ல கவனிச்சுப் பாருங்க, ஒரு எஸ்கலேட்டர்ல ஏறி இறங்கினா அடுத்தது எதிர் மூலையில இருக்கும், நடுவுல இருக்கற அத்தனை கடையையும் தாண்டித்தான் போகணும், வெளிய இருட்டிடுச்சா இல்லையான்னு பார்க்க ஒரு ஜன்னல் கிடைக்காது. சுத்தறது பிடிச்சவங்களுக்கு அது சந்தோஷம், சீக்கிரம் முடிச்சுட்டு கிளம்பணும்னு நினைக்கறவனுக்கு ஒவ்வொரு மாடியும் ஒரு சோதனை. கடைக்குள்ள போனாலும் அதே கதைதான், சேல்ஸ் பசங்க மரியாதையா நிப்பாங்க, "சைஸ் வேணும்னா சொல்லுங்க சார்"னு சொல்லிட்டு ஒதுங்கிடுவாங்க, எது நல்லாருக்குன்னு கேட்டா "எல்லாமே நல்லா போகுது சார்"னு பதில் வரும். அந்தப் பையன் மேல தப்பே கிடையாது, அவனை அப்படித்தான் பழக்கி இருக்காங்க, ஆனா நாற்பது நீலத்துக்கு முன்னாடி நாம தனியா நிக்கறோம்.

இப்ப சாரதி மாளிகைக்கு வாங்க. கோட்டைக்கு எதிர்ல, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், சின்ன சின்ன கடைங்க, நடுவுல ஆளு உரசிக்கிட்டு போற வழி. கடை வாசல்ல கால் வைக்கறதுக்குள்ள "வாங்கண்ணா, இன்னா பாக்கறீங்க"ன்னு குரல் வந்துடும். பையனுக்கு பேண்ட்டுன்னு சொன்னா, எங்களுக்குப் பழக்கமான பாய் பையனை ஒரு தடவ மேலேர்ந்து கீழ பாப்பாரு, டேப் எடுக்க மாட்டாரு, "30 எடுங்கண்ணா, கீழ மடிச்சு வைச்சுக்கலாம், அடுத்த வருஷம் பிரிச்சு விடலாம்"னு சொல்லிட்டே மேல் ராக்குல கையை விட்டு மூணே மூணு பீஸை எடுத்து போடுவாரு. நாலாவது கேட்டாதான் வரும். பட்ஜெட் எவ்ளோன்னு முதல்லயே கேட்டுடுவாரு, அது சில பேருக்கு சங்கடமா இருக்கும், எனக்கு அதுதான் பெரிய உபகாரம், ஏன்னா அந்த ஒரு கேள்வியிலயே முப்பது பேண்ட் கழிஞ்சு போயிடுது. இது சாயம் போகும், இது உங்க பையன் ஓட்டத்துக்கு முட்டியில கிழியும்னு அவரே சில சரக்கை ஒதுக்கி வைப்பாரு. நான் முன்னாடி சொன்ன பாரத்துல பாதி இல்ல, முக்கால்வாசியே அவரு தூக்கிடறாரு.

ஆனா பஜார்ல கஷ்டமே இல்லன்னு சொன்னா பொய். லாங் பஜார்ல தள்ளுவண்டி, பைக், ஆட்டோ, லோடு இறக்கற வண்டின்னு எல்லாம் ஒரே ரோட்டுல, சாயங்காலம் வண்டிய உள்ள விட்டீங்கன்னா வெளிய எடுக்க நேரமாகும். பேரம் பேசத் தெரியணும், அது வராதவங்களுக்கு விலை சரியா தப்பான்னு வீடு வர்ற வரைக்கும் மனசு உறுத்தும். டிரையல் ரூம்னு பேருக்கு ஒரு துணிய தொங்க விட்டிருப்பாங்க. எல்லாத்தையும் விட பெரிய குறை, பெண்கள் போயிட்டு வர சுத்தமான பாத்ரூம் கிடைக்கறது கஷ்டம், வயசானவங்க உட்கார இடம் கிடையாது. எங்க அம்மாவுக்கு முட்டி வலி, அவங்கள கூட்டிக்கிட்டு பஜார் போறதுன்னா எனக்கே மனசு கேக்காது. அந்த ஒரு விஷயத்துல மால் ரொம்ப மேல, லிஃப்ட் இருக்கு, வீல்சேர் கேட்டா தர்ற மாலும் இருக்கு, பாத்ரூம் சுத்தமா இருக்கு. எஸ்கலேட்டர் மட்டும் அம்மாவுக்கு ஆகாது, முதல் படி வெளிய வர்ற இடத்துல புடவைக் கொசுவத்தை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, காலை எடுத்து எடுத்து பின்னாடியே வைப்பாங்க, பின்னாடி வர்றவங்க உச்சு கொட்டுவாங்க. அப்படி யாராவது நின்னா தயவு செஞ்சு அவசரப்படுத்தாதீங்க, லிஃப்ட் எங்க இருக்குன்னு காட்டுங்க.

மாடி மாடியா இருக்கற ஜவுளிக்கடை ரெண்டுக்கும் நடுவுல. ஏசி உண்டு, பக்கத்துல நின்னு எடுத்துக் காட்ட ஆளும் உண்டு, முகூர்த்தப் புடவைக்கு குடும்பமே போகணும்னா அதுதான் சரி. ஆனா பண்டிகை நேரத்துல பில் போட ஒரு க்யூ, பொருள் வாங்க ஒரு க்யூன்னு நிக்க வைச்சுடுவாங்க. ஆரணி பட்டுதான் வேணும்னா நேரா ஆரணிக்கே போயிடுங்க, பக்கம்தானே.

மாத்தறதுல எது மேல? மால்ல பில் இருந்தா பெரும்பாலும் பேச்சே இல்லாம மாத்திக் கொடுப்பாங்க, ஆனா அதுக்கு திரும்ப சென்னை போகணும். பஜார்ல தெரிஞ்ச கடைன்னா பில் இல்லாமலே மாத்தலாம், தெரியாத கடைன்னா வாக்குவாதம்தான். ஒண்ணு ஞாபகம் வைச்சுக்குங்க, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்க மாட்டேன்னு சொல்றது முறையற்ற வணிகம், பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள பணத்தைத் திருப்பணும். அதனால சின்ன கடையா இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்க. விலையுயர்ந்த பிராண்டு துணி எடுக்கறவங்க வரியையும் பாத்துக்கணும், 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஒரு துணி 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18.

காத்துக்கிட்டு இருக்கறதுன்னு ஒண்ணு இருக்கே, கூட வந்தவங்களுக்கு அதுதான் முக்காவாசி வேலை. மால்ல ஃபுட் கோர்ட்டுல உட்காரலாம், சும்மா உட்கார கூச்சமா இருந்து நாமளே போயி அதிக விலைக்கு காபி வாங்கிடுவோம். வேலூர்ல வீட்டம்மாவை கடையில விட்டுட்டு ரோட்டைத் தாண்டினா கோட்டை, அகழி தண்ணியப் பார்த்துக்கிட்டு மரத்தடியில உட்காரலாம், ஜலகண்டேஸ்வரரையும் கும்பிட்டுட்டு வரலாம், ஒத்த பைசா செலவில்ல. இதுக்கு ஈடா எந்த மாலும் எனக்கு எதையும் கொடுத்ததில்ல.

அதனால என் கணக்கு இதுதான். ஒரு பேண்ட், ஸ்கூல் ஷூ, உள்ளாடை, பெட்ஷீட்டு மாதிரி இன்னதுதான் வேணும்னு தெரிஞ்ச பொருளுக்கு பஜார்தான், வார நாள்ல காலை பதினோரு மணிக்கு முன்னாடி போனீங்கன்னா கடைக்காரருக்கும் நமக்காக நேரம் இருக்கும். வயசானவங்க, கைக்குழந்தையோட போறவங்க மாலுக்குப் போங்க, ஆனா எந்தக் கடை, எந்த மாடின்னு வீட்டுலயே பாத்து வைச்சுக்கிட்டு நேரா அங்க போங்க, பொருளை எடுத்த அப்புறம் சுத்துங்க. சாயங்காலம் திரும்பற ரயிலுக்கு டிக்கெட்டை முன்னாடியே போட்டு வைச்சுடுங்க, நேரம் ஆச்சுன்னு சொல்ல அதை விட நல்ல காரணம் கிடையாது.