வீட்டுக் கூரைக்கு ஓடா, தகர ஷீட்டா?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்ததிலிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கேட்கிற கேள்வி இது.

செலவு: ஷீட் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஓட்டுக்கு மரம், ரீப்பர் (ஓடு உட்காரும் மரச்சட்டம்), கூலி எல்லாம் கூடும்.

பழுது: ஓடு உடைந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

காற்று: இதைத்தான் முதலில் பார்க்கணும். ஓடு தன் கனத்தில் உட்கார்ந்திருக்கிறது. இறவாரத்தில் காற்று புகுந்தால் வரிசையாகக் கிளம்பும். ஓர வரிசைகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். ஷீட் கழன்றால் முழுசாகப் பறக்கும், ஆளையே வெட்டும். எங்கள் வீட்டு ஷீட்டைப் பிடித்திருந்த போல்ட்டைத் தொட்டேன், வாஷர் துருவாக உதிர்ந்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஷீட்டின் ஓரங்களில் ஜே-போல்ட் (J மாதிரி வளைந்த கொக்கி போல்ட்) நெருக்கமாக வேண்டும்; ஐப்பசி மழைக்கு முன் வருஷாவருஷம் முறுக்கிப் பாருங்கள்.

தொழுவத்துக்கும் கடைக்கும் ஷீட் போதும். பிள்ளைகள் படுக்கும் வீட்டுக்கு ஓடு. அதிலும் ஒரு அறைக்காவது கான்கிரீட் கூரை போடுங்கள். புயல் ராத்திரியில் எல்லோரும் அங்கே இருக்கலாம்.