கோத்தகிரி மலையோட்டத்துக்குப் பணம் கட்டப் போகிறவர்களே, நில்லுங்கள்

9,800 ரூபாய். எனக்கும் மைத்துனருக்கும் ஆளுக்கு 4,800, காருக்கு இ-பாஸ் எடுத்துத் தர 200. இ-பாஸுக்கு அரசு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்காரர்கள் அதை இணையத்தில் தாங்களே இலவசமாக எடுத்துக்கொண்டுதான் நீலகிரிக்கு ஏறுகிறார்கள். எங்களுக்கு இது பிறகுதான் தெரிந்தது. பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கொதிப்பு அடங்கவில்லை.

சாகசப் பயணங்களை விற்கும் இணையதளம் ஒன்றில்தான் பதிவு செய்தோம். கண்ணேரிமுக்கில் ஜான் சலிவன் 1819-இல் கட்டிய பங்களா அருகே தொடங்கி, தேயிலைத் தோட்டங்களின் ஊடே ஏறி, லாங்வுட் சோலைக்குள் புகுந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் 14 கிலோமீட்டர் வட்டப் பாதை. மொத்த ஏற்றம் 450 மீட்டர், 'நடுத்தரக் கடினம்'. முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர், மூன்று இடங்களில் தண்ணீர், முதலுதவி, வனத்துறை அனுமதி எல்லாம் அந்த 4,800-க்குள் அடக்கம். கோவை ரேஸ் கோர்ஸைச் சுற்றிச் சுற்றிச் சலித்துப்போன எங்களுக்கு, ஆறாயிரம் அடி உயரத்தில் மண்பாதையில் ஓடலாம் என்றால் கசக்குமா?

ஆனாலும் ஏற்பாட்டாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். "தம்பி, 2018-இல் குரங்கணித் தீயில் அத்தனை பேர் இறந்த பிறகு காட்டுக்குள் போகக் கெடுபிடி அதிகமாயிற்றே, சோலைக்குள் ஓட விடுவார்களா?" என்றேன். "அண்ணா, விவரம் தெரிந்தவர்கள்தான் இதைக் கேட்பார்கள்" என்றான். பேசி முடிப்பதற்குள் முத்திரையும் கையெழுத்துமாக ஓர் அனுமதிக் கடிதத்தின் படம் வாட்ஸப்பில் வந்து விழுந்தது. காட்டெருமைகள் எந்த நேரத்தில் தேயிலைக்குள் இறங்கும், கரடியைக் கண்டால் எப்படி ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னான். சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. மலையை நன்றாக அறிந்த ஆள்தான், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அன்று மாலையே தளத்தில் பணம் கட்டினோம், இ-பாஸுக்கான 200-ஐ மட்டும் அவன் எண்ணுக்கு அனுப்பினோம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கண்ணேரிமுக்கில் பனிமூட்டத்துக்கு நடுவே ஒரு ஜீப் மட்டும் நின்றது. ஓட்டுநர் பையன் எங்களைச் சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தான், வருகைப் பதிவுக்காம். வழிகாட்டி எங்கே என்றால், "என்னை வண்டி ஓட்டத்தான் சொன்னார்கள் சார்" என்றான். ஏற்பாட்டாளனின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துச் சோலை வாசலுக்குப் போனோம். அங்கிருந்த வனக் காவலர் கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது பறவை பார்க்க வந்த குழுவுக்குக் கொடுத்தது, தேதியை மாற்றியிருக்கிறார்கள்" என்றார். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் குடிநீர் தரும் 116 ஹெக்டேர் சோலை அது, கண்டவர்கள் ஓடுவதற்கு விட மாட்டோம் என்று மரியாதையாகவே சொன்னார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் திரும்பினால் காவலாளி தடியோடு வந்தார். கடைசியில் தார்ச்சாலையில், பஸ்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஆறு கிலோமீட்டர் ஓடினோம். அதற்கு 9,800 ரூபாய்.

மதியம் ஒருவழியாகப் பேசினான். வழிகாட்டிக்குக் காய்ச்சலாம். தண்ணீர்கூட ஏன் வைக்கவில்லை என்றால், "நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை அண்ணா" என்கிறான். தடை இருப்பது உண்மைதான். குடத்துக்கும் தடையா?

பணத்தைக் கேட்டால், "அது தளத்திடம் இருக்கிறது." தளத்தில் கேட்டால், "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, ஏற்பாட்டாளரை அணுகவும்." இரண்டு பக்கமும் பந்து போலத் தட்டினார்கள். விடாமல் எழுதியதும் ஒரு பெண் அழைத்து, "நீங்கள் நிகழ்வில் பங்கேற்றதற்குச் சான்று இருக்கிறது சார், எனவே சேவை நிறைவேறிவிட்டது" என்றார். என்ன சான்று? அந்த ஜீப் பையன் எடுத்த படம்! நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். பெரிய மனது வைத்து, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். போன 9,800-க்கு 500, அதுவும் அவர்களிடமே செலவழிக்க!

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. அனுமதிக் கடிதம் காட்டினால், கடித எண்ணைச் சொல்லி அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். வனத்துறையே 2024 அக்டோபர் முதல் மலையேற்றப் பாதைகளுக்கு இணையத்தில் பதிவு செய்துகொள்கிறது, லாங்வுட் சோலையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஓட முடியாவிட்டாலும் நடக்கலாம். வழிகாட்டி கண்ணுக்குத் தெரியும் வரை யாருக்கும் படம் எடுக்கக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915.

தளத்தின் பெயரைக் கேட்காதீர்கள், புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். உங்களில் யாருக்காவது கோத்தகிரி ஓட்டத்துக்கென்று இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள். எங்களுக்கு வந்த அதே கடிதம்தானா என்று ஒப்பிட்டுப் பார்த்து, மைத்துனர் நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதும் மனுவோடு இணைக்க வேண்டும்.