கடன் தள்ளுபடியா, கடைமடை வாய்க்காலா?

தேர்தல் அறிக்கையில் எதை முன்னிறுத்துவது என்று டெல்டா மாவட்டக் கட்சிக்காரர்கள், மாற்றுக் கட்சியினரோடு மட்டுமன்றித் தம் கட்சிக்குள்ளேயும் வாதிடும் இரு செலவுகளை, அதாவது பயிர்க்கடன் தள்ளுபடியையும் ஆற்றுநீர் கடைசியாக வந்துசேரும் கடைமடைப் பகுதி வாய்க்கால்களைத் தூர்வாருவதையும், ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

செலவு: 2021இல் தமிழக அரசு அறிவித்த கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஏறத்தாழ 12,110 கோடி ரூபாய். தூர்வாருவதற்கு ஓராண்டில் ஒதுக்கப்படுவது இதில் மிகச் சிறிய பங்கே என்றாலும், அதை ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும்.

பயனாளி: தள்ளுபடி, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றவரையே சேரும். கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்கு உழுபவர்களில் பலருக்குத் தம் பெயரில் அடங்கல் (நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்பதற்கான கிராமக் கணக்குச் சான்று) கிடைக்காததால் கடனும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. இந்த அநீதியை எந்தக் கட்சியும் போதிய அளவு பேசவில்லை என்பது என் வருத்தம். வாய்க்கால் நீரோ பட்டா பார்த்துப் பாய்வதில்லை.

நிலைப்பு: தள்ளுபடி ஒரு பருவத்தின் சுமையை இறக்கும். தூர்வாரிய வாய்க்காலும் வண்டலாலும் ஆகாயத்தாமரையாலும் மீண்டும் அடைபடும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குள் பணி முடியாவிட்டால் செலவிட்டதும் வீணாகும்.

எளிமை: தள்ளுபடிக்கு அரசாணை போதும், தூர்வாருவதற்கு ஊராரின் கண்காணிப்பு வேண்டும்.

வெள்ளத்தில் சம்பா அழிந்த ஆண்டில் தள்ளுபடியே தகும். மற்ற ஆண்டுகளில், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளில் வேரூன்ற விரும்பும் கட்சி வாய்க்காலையே தன் கொள்கையாக்க வேண்டும்.