இன்ஜின் லைட் எரிந்ததும் பணத்தை நீட்டிவிடாதீர்கள்: 27,850 ரூபாய் போன கதை

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் இப்படி மாட்டாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

திண்டுக்கலிலிருந்து மதுரைக்குத் திரும்பும்போது வாடிப்பட்டி தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது. ஆறு வருடப் பெட்ரோல் கார். மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. (மின்னினால் ஓரங்கட்டிவிட வேண்டுமாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையே காலி செய்துவிடும். அன்று எனக்குத் தெரியாது, அப்படியே வீடு வரை ஓட்டி வந்தேன்.)

வீட்டுக்கே வந்து வண்டியை எடுத்துப்போய்ச் சரிசெய்து தரும் ஆப் ஒன்றில் புக் செய்தேன். பெயர் வேண்டாம். வந்த பையன் நல்ல மரியாதை. அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகி, டேப்லெட்டை என் பக்கம் திருப்பினான். பி0302, பி0202 என்று இரண்டு எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்). இரண்டும் சிவப்பில். "நான் சொல்லலை சார், வண்டியே சொல்லுது." அங்கேதான் விழுந்தேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்ப்பது போல அதைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பொறி கொடுக்கும் பிளக் நான்கு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் நான்கு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கு, லேபர், ஜிஎஸ்டி. மொத்தம் 27,850 ரூபாய். வண்டி வந்தபோது விளக்கு எரியவில்லை. எப்படி எரியும், ஸ்கேனரில் எரர் கோடுகளை அழித்துத்தானே அனுப்பினார்கள்! இரண்டாம் நாள் அதே குலுக்கல், அதே மின்னல்.

போன் செய்தால் "டிக்கெட் போட்டாச்சு சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. மறுபடி செய்தால் வேறொரு பெண், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "வாரண்டி பார்ட்ஸுக்குத்தான் சார், கம்ப்ளைன்ட்டுக்கு இல்லை" என்றார். அப்படியென்றால் என்னவென்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. பழைய இன்ஜெக்டர்களையாவது கொடுங்கள் என்றேன், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம். கடைசியில் அந்தப் பையனே பேசினான்: ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போயிருக்கும், இன்னும் 42,000 ஆகும். வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டேன். இரண்டு நீல டிக், அவ்வளவுதான்.

நேற்று தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ரிப்போர்ட்டைக் காட்டினேன். "0302ன்னா ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலை. 0202ன்னா அதோட இன்ஜெக்டர் சர்க்யூட். இன்ஜெக்டர்னு எங்க தம்பி போட்டிருக்கு? ஒயரும் சர்க்யூட்தானே?" இன்ஜினை ஓடவிட்டு இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர்க் கற்றையை விரலால் லேசாக ஆட்டினார். இன்ஜின் சீரானது. விட்டார், குலுங்கியது. டேப்பைப் பிரித்தால், எலி கடித்த ஒயர் இரண்டு செம்பு இழையில் தொங்குகிறது. பற்றவைத்து ஸ்லீவ் போட்டு 400 ரூபாய் வாங்கினார். 27,850 எங்கே, 400 எங்கே!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, கை நடுங்குகிறது. சுருக்கமாக இதுதான். எரர் கோடு இடத்தைத்தான் காட்டும், எந்த பார்ட் போச்சு என்று சொல்லாது. காயில் மேல் சந்தேகம் என்றால் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எரர் கோடும் 0303 (மூன்றாவது சிலிண்டர்) என்று கூடவே நகர்ந்தால்தான் காயில். கழற்றிய சாமானைக் கையில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். முதலில் ஒயரைப் பாருங்கள்.

எலிக்கு என்ன செய்வது என்று என்னிடம் கேட்காதீர்கள். இப்போதைக்கு பானெட்டுக்குள் புகையிலை கட்டி வைத்திருக்கிறேன், பார்ப்போம்.