கைக்கருவி ஸ்க்ராபிள்: எல்லாம் இருக்கிறது, சேலஞ்ச் மட்டும் இல்லை

"அண்ணே, பழைய நிண்டெண்டோ டி.எஸ். லைட் நாலு மலிவா வருது, ஸ்க்ராபிள் அட்டையோட. பிள்ளைங்க போட்டிக்குப் பழக வாங்கிப் போடலாமா?" மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கேட்ட கேள்வி இது. டி.எஸ். லைட் கையில் வைத்து ஆடும் இரட்டைத்திரை விளையாட்டுக் கருவி, அட்டை அதில் செருகும் ஆட்டம். ஸ்க்ராபிள், ஆங்கில எழுத்துக் காய்களைப் பலகையில் கோத்துச் சொல் ஆக்கும் ஆட்டம். 15க்கு 15 பலகை, 100 காய், கையில் 7 என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கருவியும் தெரியும். ஆகவே, இந்த அட்டையை எத்தனை வருடம் ஆடினாலும் ஆறாத ஒரு கோபத்துக்கு நேரே வந்துவிடுகிறேன்.

இதில் சேலஞ்ச் கிடையாது. அதாவது, எதிராளி வைத்த சொல் செல்லாது என்று எதிர்த்துக் கேட்க வழியில்லை.

காய்களை வைக்கிறோம், ஸ்டைலஸால் (திரையைத் தொடும் குச்சியால்) உறுதி செய்கிறோம். சொல் பட்டியலில் இல்லையென்றால் கருவி மறுத்து, காய்களைத் தாங்கிக்கே அனுப்பிவிடும். புள்ளி குறையாது, முறையும் போகாது. இன்னொரு சொல்லை வைக்கலாம். அதுவும் இல்லையா, மறுபடியும் வைக்கலாம். ஒரு பிள்ளையின் கையில் 'கியூ' மாட்டிக்கொண்டது, 'யூ' இல்லை என்று வையுங்கள். கியூ-ஏ வைத்துப் பார்க்கிறான், மறுப்பு. கியூ-இ, மறுப்பு. கியூ-ஐ வைத்ததும் ஏற்றுக்கொள்கிறது. 10 புள்ளிக் 'கியூ' மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்தில் விழுந்து, குறுக்கிலும் நெடுக்கிலும் ஒவ்வொரு 'ஐ' (1 புள்ளி) சேர்ந்தால் 31, 31, ஆக 62 புள்ளி. அவனுக்கு அந்தச் சொல் தெரியாது. மூன்றாவது தட்டலில் கதவு திறந்தது, அவ்வளவுதான். பலகையில் இதே பிள்ளை கியூ-ஏ வைத்திருந்தால் எதிராளி "சேலஞ்ச்" என்றிருப்பார், காயை எடுத்திருக்க வேண்டும், 0 புள்ளி, முறையும் போயிருக்கும். அந்த வலியில்தான் இரண்டெழுத்துச் சொற்கள் மனதில் பதியும்.

இது பாதிக் குறைதான். மறுபாதி இன்னும் மோசம்.

ஸ்க்ராபிளில் தெரிந்தே கள்ளச் சொல் வைப்பது குற்றமல்ல, ஆட்டத்தின் ஓர் அங்கம். எதிராளி பார்க்கிறார், சந்தேகப்படுகிறார், ஆனால் தவறாகச் சேலஞ்ச் செய்தால் அவருக்குத் தண்டம். பல நாட்டுப் போட்டிகளில் அது 5 புள்ளி அல்லது 10 புள்ளி. அமெரிக்கப் பழக்கத்தில் அவருடைய முறையே போய்விடும். அதனால் அவர் வாய் திறக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்குள் நடப்பதுதான் உண்மையான ஆட்டம்: அவர் முகம், என் முகம், கடிகாரம். கருவி உட்கார்ந்து நடுவர் வேலை பார்த்தால் இந்தப் பகுதி முழுவதும் செத்துப்போகிறது. கள்ளச் சொல் பலகையில் ஏறவே ஏறாது. ஏறாத சொல்லை யார் சந்தேகப்படுவது?

நம் ஊருக்குப் பொருந்தும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பால்மரம் பார்த்து வளர்ந்த யாருக்கும் 'லேடெக்ஸ்' (ரப்பர்ப் பால்) தெரியும், 12 புள்ளி. அதன் பன்மை? இரண்டு வடிவம் உண்டு. ஒன்று கடைசியில் இ-எஸ் சேர்த்தது. மற்றது எல்-ஏ-டி-ஐ-சி-இ-எஸ், சரியாக 7 எழுத்து. முதல் நகர்விலேயே இது கையில் வந்தால் 'எல்' நடுக்கட்டத்தில் நிற்கும்படி வலப்பக்கமாக வைக்க வேண்டும். அப்போது 'சி' இரட்டை எழுத்துக் கட்டத்தில் விழுந்து 6 ஆகும். கூட்டினால் 12, நடுக்கட்டத்துக்காக இரட்டித்து 24, ஏழு காயும் தீர்த்ததற்கு 50, மொத்தம் 74. நடுவில் பொத்தாம்பொதுவாக வைத்தால் 'சி'க்கு வர வேண்டிய ஆதாயம் போய்விடும். இப்போது எதிரே இருப்பவரை நினைத்துப் பாருங்கள். செம்பனை வருவதற்கு முன் இந்தப் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டம்தான். பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைதான் அவரும். "லேடெக்ஸ் தெரியும், இதென்ன லாட்டிசஸ்?" என்று புருவம் சுருக்குகிறார். சேலஞ்ச் செய்தால் அவருக்கு நஷ்டம். செய்யாவிட்டால் 74 கண்ணெதிரே போகிறது. பலகையில் இது மறக்க முடியாத அரை நிமிடம். கருவியிலோ ஒரு 'டிங்' சத்தம், எண் ஏறுகிறது, அடுத்த முறை. எதிராளிக்கு அந்தச் சொல்லைப் பற்றி யோசிக்கவே காரணமில்லை.

சொல்லுக்குப் பொருள் காட்டவில்லை என்று இதே அட்டையைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் குறையில் எனக்கு உடன்பாடில்லை. நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்துக்காரர், வாழ்வது மலேசியாவில். ஆங்கிலத்தில் உலகப் பட்டத்தைப் பல முறை வென்றவர். 2015இல் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலே பிரெஞ்சு ஸ்க்ராபிள் பட்டத்தையும் வென்றார். சொற்பட்டியலை மனதில் ஏற்றியதுதான் அவருடைய ஆயுதம். பொருள் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. ஆனால் இது பட்டியலில் உண்டா, இல்லையா என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லும் துணிவு இல்லாமல் ஒரு நகர்வுகூட வைக்க முடியாது. அந்தத் துணிவைத்தான் இந்த அட்டை பிள்ளைகளிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தனியாகப் பழக இதைவிட நல்ல துணை கிடைப்பது கடினம். இணையம் வேண்டாம், டேட்டா வேண்டாம், நடுவில் விளம்பரம் குதிக்காது. தோட்டத்திலிருந்து பட்டணம் வரும் பஸ்ஸில் ஆடிக்கொண்டே வந்து, இறங்கும்போது மூடியை மூடினால் கருவி தூங்கிவிடும். மாலையில் திறந்தால் விட்ட இடத்தில் ஆட்டம் நிற்கும். வெளிச்சத்தை நான்கு நிலைகளில் ஆகக் குறைந்ததில் வைத்தால், நல்ல பேட்டரியில் 15 முதல் 19 மணி நேரம் என்பது தயாரிப்பாளர் கணக்கு. ஆகக் கூடியதில் 5 முதல் 8 மணி. ஸ்க்ராபிளுக்கு இரண்டாம் நிலையே போதும், வெயிலில் உட்காராதவரை.

புள்ளிக் கணக்கும் பெரிய நிம்மதி. பலகையில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது சொல்லில் அல்ல, கூட்டலில். எழுத்து மடங்கை முதலில் கணக்கிட வேண்டும், சொல் மடங்கு அதற்குப் பிறகு. மடங்குக் கட்டம் காய் வைத்த அந்த முறைக்கு மட்டுமே செல்லும், அடுத்தவர் அதே காயைப் பயன்படுத்தினால் கிடையாது. பக்கவாட்டில் உருவான சின்னச் சொற்களையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். இவை மூன்றையும் கருவி பிசகாமல் செய்வதைப் பத்து ஆட்டம் பார்த்த பிள்ளை தாளிலும் பிசகாமல் எழுதும். தாங்கியில் உள்ள காய்களைக் கலைத்துக் கலைத்துப் பார்ப்பதும் இங்கே சுகம். ஒரே தொடுதலில் ஏழும் இடம் மாறும். 50 புள்ளிச் சொற்கள் இப்படிக் கலைக்கும்போதுதான் கண்ணில் படும்.

கணினி எதிராளியும் சோம்பேறியல்ல. மேல் நிலையில் நாம் கேள்விப்படாத சொற்களைக் கொட்டும். அதை அடுத்த நாள் தாளில் எழுதிவைத்தால் அதுவே பாடம். ஆனால் காய்ப் பை காலியான பிறகு அதன் ஆட்டத்தைக் கவனியுங்கள். மொத்தம் 100 காய், பலகையில் இருப்பது தெரியும், தன் கையில் இருப்பது தெரியும், ஆக உங்கள் கையில் இருப்பது என்ன என்பது கழித்தல் கணக்கு. இந்தக் கணக்கை நீங்களும் போட வேண்டும். 12 'இ', 9 'ஏ', 9 'ஐ', 8 'ஓ', நான்கே 'எஸ்', எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய இரண்டு வெற்றுக் காய் என்று ஒரு சீட்டில் எழுதி, விழ விழ அடித்துக்கொண்டே வரப் பழகினால் கடைசி நாலு நகர்வில் 20, 30 புள்ளி கூடும். (நம் ஊர்ச் சொல்லான 'ரப்பர்' வைக்கக் காத்திருக்கிறீர்களா? அதற்கு இரண்டு 'பி' வேண்டும், மொத்தப் பையிலும் 'பி' இரண்டே இரண்டுதான். ஒன்று விழுந்துவிட்டால், கையில் வெற்றுக் காய் இல்லாதவரை, மறந்துவிடுங்கள்.)

திரை விஷயத்தில் பெரியவர்களுக்குச் சிரமம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு திரையும் 256க்கு 192 படப்புள்ளி (பிக்சல்). 192ஐ 15ஆல் வகுத்தால் ஒரு கட்டத்துக்கு 12 படப்புள்ளிதான் மிஞ்சும். அளந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அந்த இடத்துக்குள் எழுத்து, அதன் மதிப்பெண், கட்டத்தின் நிறம் மூன்றும் அடங்காது. முழுப் பலகையைப் பார்க்கும்போது எழுத்து மட்டும்தான் தெரியும், காய் வைக்கப் பெரிதாக்கியாக வேண்டும். பெரிதாக்கினால் மூலையில் காத்திருக்கும் மூன்று மடங்குச் சொல் கட்டம் கண்ணை விட்டு மறையும். பிள்ளைகள் மூலைகளை எதிராளிக்குத் திறந்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். பெரிதாக்குவதற்கு முன் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள்.

சொற்பட்டியல் பழையது. இது ஒரு எச்சரிக்கை. 2007 வாக்கில் வந்த அட்டைக்கு 2019இல் காலின்ஸ் பட்டியலில் (போட்டிகளுக்கான ஆங்கிலச் சொற்பட்டியல்) சேர்ந்த சொற்கள் தெரியாது. ஓ-கே, இ-டபிள்யூ, ஸெட்-இ மூன்றும் இன்றைக்குப் போட்டியில் செல்லும், அட்டை மறுக்கும். எதிர்ப்பக்கமும் உண்டு: 2021இல் இன, மத இழிவுச் சொற்கள் சுமார் 400 பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அட்டையில் அவை இன்னும் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது ஆசிரியர் இதை அறிந்திருக்க வேண்டும். இட்லி, தோசை, ரொட்டி, சம்பல் எல்லாம் இன்றைய பட்டியலில் ஆங்கில எழுத்தில் செல்லும் என்று காட்டினால் பிள்ளைகளின் முகம் மலரும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. முதலில் கீல். டி.எஸ். லைட்டில் வலப்பக்கக் கீலின் மேல் பிளாஸ்டிக் விரிவது பலரும் அறிந்த பலவீனம். மூடியை மெல்லத் திறந்து மூடி, காதருகே வைத்துக் கேளுங்கள். திரைகளை இணைக்கும் ரிப்பன் கம்பி கீல் வழியாகத்தான் போகிறது. அது அறுந்தால் மேல்திரை வெளுத்துவிடும் அல்லது கோடு விழும். பிறகு தொடுதிரை. தொட்ட இடத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் காய் விழுந்தால் உடனே பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். அமைப்புப் பகுதியில் தொடுதிரைச் சீரமைப்பைத் திறந்து, காட்டும் குறிகளை ஸ்டைலஸ் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டால் பெரும்பாலும் சரியாகும். அதற்குப் பிறகும் ஓரத்தில் மட்டும் தவறினால் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே தூசி இறுகியிருக்கும்.

அட்டையைப் படிக்கவில்லை என்றால் நம் ஊர் ஈரம்தான் பெரும்பாலும் காரணம். அதன் பித்தளை நிறத் தொடுமுனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பட்டு இன்னும் கறுக்கும். பேட்டரி உப்பியிருந்தால் மூடி மேலெழுந்திருக்கும், அதை வாங்கவே வேண்டாம். சார்ஜரைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கருவிகளோடு குறைந்த வோல்ட் மட்டும் ஏற்கும் சார்ஜர் வரலாம். அதை அடாப்டர் மாட்டி நம் 240 வோல்ட்டில் செருகினால் சார்ஜர் புகைந்துவிடும். சார்ஜ் ஏறாத கருவியை மலிவாகத் தந்தால், பழுது பார்ப்பவரிடம் பலகையில் உள்ள குட்டி ஃபியூஸ்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

சேலஞ்ச் இல்லாத குறைக்கு வீட்டு விதி ஒன்று வைக்கலாம். கருவியைக் கைமாற்றி இருவர் ஆடும் முறையில், உறுதி செய்யும் முன் சொல்லைத் தாளில் எழுதி எதிராளியிடம் காட்ட வேண்டும். அவர் "சரி" அல்லது "சேலஞ்ச்" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் தொடலாம். கருவி மறுத்தால் அந்த முறை போயிற்று, 'பாஸ்' கொடுக்க வேண்டும். சேலஞ்ச் தவறாகப் போனால் 5 புள்ளியைத் தாளில் கழித்துக்கொள்ளலாம். இது மறுபடி மறுபடி தட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கத்தை அடக்கும். ஆனால் எதிராளி ஏமாந்து "சரி" என்று சொன்ன கள்ளச் சொல்லைக் கருவி ஏற்றுக்கொள்ளுமா? ஏற்காது. நீங்கள் வென்ற ஏமாற்றை அது பிடுங்கிக்கொள்ளும். இதற்கு எந்த வீட்டு விதியும் மருந்தில்லை.

இவ்வளவு புகழ்ந்தும் என் பதில் இதுதான், ஐயா: பள்ளி மன்றத்துக்கு நாலு கருவி வேண்டாம். போட்டிக்குப் போகும் பிள்ளை, தன் சொல்லின் மேல் எதிராளி கை வைக்கும்போது நடுங்காமல் உட்காரப் பழக வேண்டும். அது மனிதர் எதிரே அமர்ந்தால்தான் வரும். கீல் விரியாத, 240 வோல்ட் சார்ஜரோடு வரும் ஒன்றை மட்டும் எடுத்து, புள்ளிக் கணக்கும் காய் எண்ணும் கணக்கும் பழக வகுப்பில் வையுங்கள். மீதி மூன்றின் காசுக்கு இரண்டு பலகையும், ஆளுக்கு 25 நிமிடம் வைக்க ஒரு கடிகாரமும், புதிய சொற்பட்டியல் ஒன்றும் வாங்குங்கள்.