ஆயிரம் கஜம் சுட எவ்வளவு செலவாகும்? பெர்காரா பி-14 எச்எம்ஆர், ஆர்கன் இபி5: நீண்டகால அனுபவம்

தூர இலக்குச் சுடுதலுக்கு ரைஃபிள் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடையில் கொடுக்கும் தொகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். டெக்சாஸில் மூன்று வருடங்களுக்கு மேலாக பெர்காரா பி-14 எச்எம்ஆர் ரைஃபிளில் சுட்டுவருகிறேன். தோட்டா 6.5 கிரீட்மோர் ரகம், 22 அங்குல பேரல் (குழல்). மேலே ஆர்கன் இபி5 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). இவ்வளவு காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, இதில் பெரிய செலவு தோட்டாதான். ரைஃபிளையும் ஸ்கோப்பையும் அந்தக் கணக்குக்குள் வைத்துத் தேர்ந்தெடுத்தால்தான் கட்டுப்படியாகும்.

கணக்கு இது. 6.5 கிரீட்மோர் பேரல் பொதுவாக 2,000 முதல் 3,000 தோட்டா வரை நல்ல துல்லியத்தோடு உழைக்கும். கடையில் கிடைக்கும் மேட்ச் தோட்டா (போட்டித் தரத் தோட்டா) ஒன்று ஒன்றரை டாலரிலிருந்து இரண்டு டாலர் வரை. பேரல் தேய்வதற்குள் தோட்டாவுக்கு மட்டும் நாலாயிரம் டாலர் போய்விடும். ரைஃபிள் ஆயிரத்துச் சொச்சம், ஸ்கோப் ஐந்நூறு சொச்சம். ரைஃபிளில் இருநூறு டாலர் மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், என்ன தோட்டா என்பதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்வதைப் பார்த்திருக்கிறேன். யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

600 கஜத்துக்கு மேல் போகப் போவதில்லை என்றால், உள்வரிகள் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று சுழலும் .223 ரகப் பேரல் போதும். 73 முதல் 77 கிரெய்ன் (எடை அளவு) குண்டு அதில் நன்றாகப் போகும், செலவும் நன்றாகக் குறையும். .308 வின்செஸ்டர் 1952 முதல் இருக்கிறது, எங்கும் கிடைக்கிறது. ஆனால் வழக்கமான 168 கிரெய்ன் குண்டு ஆயிரம் கஜத்தை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்கு இறங்கித் தடுமாறத் தொடங்கும், உதையும் அதிகம். ஆர்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மோர் அந்தத் தூரத்திலும் ஒலியைவிட வேகமாகவே போகிறது, உதை குறைவு. ஆயிரம் கஜம்தான் ஆசை என்றால் எனக்கு இதில் இரண்டாவது கருத்தில்லை.

ரைஃபிளுக்கு வருகிறேன். 500 டாலர் ரைஃபிள்கள் பலவற்றின் பேரல் இன்று நன்றாகவே சுடுகிறது. அவற்றில் குறைவது ஸ்டாக், அதாவது பேரலைத் தாங்கும் கட்டை. பைபாட் (இரண்டு கால் தாங்கி) மாட்டிக் கொஞ்சம் அழுத்தினால் மெல்லிய பிளாஸ்டிக் முன்பக்கம் வளைந்து பேரலைத் தொடும், குண்டு போகும் இடமும் மாறும். நல்ல ஸ்டாக் தனியாக வாங்கினால் கடைசியில் விலை ஆயிரத்தைத் தொட்டுவிடும். பி-14 எச்எம்ஆர் ஸ்டாக்கின் உள்ளேயே ஒரு சிறிய அலுமினியச் சட்டம் பதித்திருக்கிறார்கள். கன்னம் வைக்கும் பகுதியை ஏற்றி இறக்கலாம். ரெமிங்டன் 700 ரைஃபிளுக்கான ஸ்டாக்கும் ட்ரிகரும் இதற்குப் பொருந்தும் என்பதால் பிறகு அவற்றை மாற்ற நினைத்தால் தேடி அலைய வேண்டாம். நான் இதுவரை ட்ரிகரைக்கூட மாற்றவில்லை. 140 கிரெய்ன் மேட்ச் தோட்டாவில் ஐந்து குண்டுகள் 100 கஜத்தில் வழக்கமாக முக்கால் அங்குலத்துக்குள் விழுகின்றன. எம்ஓஏ என்பது ஒரு கோண அளவு; ஒரு எம்ஓஏ அந்தத் தூரத்தில் 1.047 அங்குலம். கம்பெனி கொடுக்கும் உத்தரவாதம் ஒரு எம்ஓஏ, அதைவிட நன்றாகவே சுடுகிறது.

எடை உண்டு. ரைஃபிள் மட்டும் நாலு கிலோவுக்கு மேல், ஸ்கோப் ஒரு கிலோவுக்கு மேல், பைபாடும் சேர்ந்தால் ஆறு கிலோவைத் தொடும். வேட்டைக்குத் தூக்கிக்கொண்டு மலையேற இது ஆகாது. தரையில் படுத்துச் சுடும்போது அதே எடைதான் நமக்குத் துணை. உதை அமுங்குகிறது, குண்டு இலக்கில் படுவதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிகிறது.

ஸ்கோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். எல்லோரும் படம் எவ்வளவு தெளிவு என்று கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, டரட்டை (குறியை ஏற்றி இறக்கும் திருகை) திருப்பினால் சொன்ன அளவுக்கு நகர்கிறதா, திரும்பப் பழைய இடத்துக்கு வருகிறதா என்பதைத்தான். என் ரைஃபிளில் 100 கஜத்துக்கு ஜீரோ வைத்தால் (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால்), ஆயிரம் கஜத்துக்குச் சுமார் 9 மில் ஏற்ற வேண்டும். மில்லும் ஒரு கோண அளவுதான்; ஒரு மில் என்பது 100 கஜத்தில் 3.6 அங்குலம், ஆயிரத்தில் 36 அங்குலம். டரட்டில் மூன்று சதவீதம் பிழை இருந்தால்கூட ஆயிரம் கஜத்தில் பத்து அங்குலம் தவறும். 18 அங்குல இரும்புத் தட்டின் நடுவைப் பார்த்துச் சுட்டாலும் குண்டு தட்டுக்குக் கீழே போய்விடும். காற்றைத் தப்பாகப் படித்தோம், ட்ரிகரை இழுத்துவிட்டோம் என்று ஒரு சீசன் முழுக்க நம்மையே நொந்துகொண்டிருப்போம்.

சோதிப்பது சுலபம். உயரமான அட்டையில் தூக்குக்குண்டு கட்டிச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, 100 கஜத்தை டேப் வைத்து அளந்து அட்டையை நிறுத்துங்கள். கோட்டின் அடியில் ஒரு குரூப் (ஒரே இடத்தைப் பார்த்துச் சில குண்டுகள்) சுடுங்கள். 10 மில் ஏற்றி, அதே அடிப்புள்ளியைப் பார்த்து இன்னொரு குரூப். இரண்டுக்கும் நடுவே சரியாக 36 அங்குலம் இருக்க வேண்டும். அப்புறம் டரட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி சுடுங்கள், முதல் குரூப்பின் மேலேயே விழ வேண்டும். இபி5-க்கு முன்னால் நான் வைத்திருந்த, பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு ஸ்கோப்பில் இடைவெளி 35 அங்குலம்கூட வரவில்லை. அளவு எப்போதும் ஒரே மாதிரி குறைந்தால் குண்டின் பாதையைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் அந்தத் திருத்தத்தைப் போட்டுச் சமாளிக்கலாம். அது திரும்பி வரும்போதும் வேறு வேறு இடத்தில் நின்றது. அப்படிப்பட்டதை எந்தச் செயலியாலும் காப்பாற்ற முடியாது. இபி5-ஐ வருடத்துக்கு ஒரு முறையாவது இதே சோதனைக்கு உட்படுத்துகிறேன், இன்றுவரை அது மாறவில்லை.

இபி5 ஐந்திலிருந்து 25 மடங்கு வரை பெரிதாக்கும், முன்லென்ஸ் 56 மி.மீ., குழாய் 34 மி.மீ. ரெட்டிக்கிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) முதல் குவியத்தளத்தில் இருப்பதால் எந்தப் பெரிதாக்கத்திலும் அதன் கோடுகள் அதே மில் அளவைக் காட்டும். டெக்சாஸ் வெயிலில் கானல் அலையடிக்கும் மதியத்தில் நான் 15 மடங்குக்கு மேல் போவதே இல்லை, அதனால் இந்த வசதி இல்லாமல் எனக்கு ஆகாது. ஜீரோ ஸ்டாப் உண்டு, சுட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு டரட்டைத் திருப்பினால் சரியாக ஜீரோவில் நிற்கும். 25 மடங்கில் படம் கொஞ்சம் மங்குவது இந்த விலை ஸ்கோப்புகள் எல்லாவற்றுக்கும் பொது. இரண்டாயிரம் டாலர் கண்ணாடியோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை.

இன்னும் குறைந்த விலை வேண்டுமென்றால் வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் டாக்டிக்கல், 6–24 மடங்கு. வாழ்நாள் உத்தரவாதம் உண்டு, ஜீரோ ஸ்டாப் கிடையாது. அதன் மொத்த ஏற்ற இறக்கம் 19 மில். நடுவில் ஜீரோ வைத்தால் மேலே ஒன்பதரை மில்தான் மிஞ்சும், ஆயிரம் கஜத்துக்கு அது மயிரிழை. ஸ்கோப்பின் அடியில் 20 எம்ஓஏ சாய்வுள்ள ரெயில் போட்டால் கூடுதலாக 5.8 மில் கிடைக்கும். எந்த ஸ்கோப்பாக இருந்தாலும் அந்த ரெயிலைப் போட்டுவிடுங்கள், ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் ஸ்க்ரூக்களை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) வைத்தே முறுக்குங்கள்.

நியூ மெக்சிகோவில் ராட்டன் அருகே உள்ள விட்டிங்டன் சென்டருக்குப் போய்ச் சுட்டது தனி அனுபவம். 33,000 ஏக்கர் நிலம். 1,123 கஜத்தில் வெள்ளைக் காட்டெருமை வடிவில் ஒரு இரும்பு இலக்கு நிற்கிறது. சுட்டுக் கிட்டத்தட்ட ஐந்து நொடி கழித்துத்தான் 'டங்' என்ற சத்தம் நம்மிடம் வந்து சேரும். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல், காற்று அடர்த்தி குறைவு. ஆயிரம் கஜத்துக்கு ஏற்ற வேண்டிய அளவு டெக்சாஸ் சமவெளியில் இருப்பதைவிட அரை மில்லுக்கு மேல் குறைந்தது. வீட்டில் எழுதிவைத்த அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் குண்டு தலைக்கு மேல் பறந்துவிடும். செயலியில் அங்குள்ள காற்றழுத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டாச் செலவுக்கு நான் கண்ட வழி .22 என்ற சிறிய தோட்டா ரகம். செக் நாட்டுத் தயாரிப்பான சிஇசட் 457 ஒன்று வாங்கினேன். சிசிஐ ஸ்டாண்டர்ட் தோட்டா பத்து சென்ட் அளவில்தான். 50 கஜத்துக்கு ஜீரோ வைத்த .22 குண்டு 200 கஜத்தில் நாலரை அடி கீழே இறங்கும். அதாவது ஏழு மில்லுக்கு மேல் ஏற்ற வேண்டும். பெரிய ரைஃபிள் 800, 900 கஜத்தில் கேட்கும் அளவு அது. பத்து மைல் வேகக் குறுக்குக் காற்றில் பக்கவாட்டில் ஒரு அடி தள்ளும். ஆகவே டரட் திருப்புவது, காற்றைப் படிப்பது, மூச்சை அடக்கி ட்ரிகரை அழுத்துவது எல்லாவற்றையும் வீட்டுக்குப் பக்கத்து 200 கஜ ரேஞ்சிலேயே பழகலாம். ஆயிரம் கஜ ரேஞ்ச் தேடி மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டியதில்லை. நான் சுடுவதில் பெரும்பகுதி இப்போது .22 தான், கிரீட்மோரில் என் கை திருந்தியதும் இதனால்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். கிரீன் கார்டு இருந்தால், துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்து குடிமக்களைப் போலவே வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது சட்டம் தரும் விலக்குகளில் ஒன்று. விசாவில் இருக்கிறவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள், இதில் அலட்சியம் கூடாது. ஸ்டீல் பெட்டகத்துக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதை முதலில் வாங்குங்கள்.

என் பேரல் இப்போது பாதி வாழ்நாளைத் தாண்டியிருக்கும். குரூப் இன்னும் விரியவில்லை. விரிந்தால் அடுத்ததும் 6.5 கிரீட்மோர்தான், 24 அங்குல பேரல். ஸ்கோப்பை மாற்றும் எண்ணம் இல்லை. அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிக்கொள்வேன்.