நான்கு வருஷமாகச் செய்யும் கொண்டைக்கடலை சீசர்: டிரெஸ்ஸிங் தங்கம், கடலைதான் கழுத்தறுக்கிறது

போன வாரம் எங்கள் ஓவனில் விசிறியைச் சுற்றியிருக்கும் சூடேற்றும் சுருள் போய், புதிதாக மாற்றினோம். மெக்கானிக் அரைமணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டியதும் நான் செய்த முதல் காரியம், அலமாரியிலிருந்து ஒரு கொண்டைக்கடலை டின்னை எடுத்துத் திறந்ததுதான். வறுத்த கடலை தட்டுக்கு வந்ததும் நமுத்துப்போவதற்கு அந்தப் பழைய சுருள்தான் காரணம் என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். புதுச் சுருளில் 200 டிகிரியில் 35 நிமிடம் வறுத்தேன். சாலட்டில் போட்டேன். பத்தாவது நிமிடம் அதே சவசவ. ஓவன்மேல் சுமத்திய பழியை நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்று ராத்திரியே லெஸ்டரில் படிக்க வந்திருக்கும் என் சித்தி மகள் கூப்பிட்டாள். "அக்கா, கடையில நாலு டின் கட்டு விலை குறைச்சுப் போட்டிருக்காங்க. நீங்க செய்வீங்களே, கொண்டைக்கடலை சீசர், அதுக்கு வாங்கி வைக்கவா?" எரிச்சலில் இருந்ததால் நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சீசர் சாலட்டில் ரொட்டித் துண்டுக்குப் பதில் வறுத்த கடலை, அவ்வளவுதான்; நான்கு வருஷமாக, மாதம் இரண்டு மூன்று முறை செய்கிற சாலட். அதைப் பற்றி ஒரு வார்த்தையில் நல்லது கெட்டது சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இதில் இறங்கியதே வேறு வழியில்லாமல்தான். லண்டனுக்கு வந்த புதிதில் அலுவலக விருந்துகளில் சைவக்காரி நான் சாப்பிடக்கூடியதாகத் தெரிந்தது சீசர் சாலட் ஒன்றுதான். வெறும் இலையும் ரொட்டியும் சீஸும்தானே என்று நினைத்திருந்தேன். விசாரித்தால் இலையில் புரட்டும் சாஸான டிரெஸ்ஸிங்கில் பச்சை முட்டை, நெத்திலி. பார்மிஜானோ ரெஜானோ என்ற பெயரில் விற்கும் சீஸில் பாலைத் திரியவைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற பொருளைச் சேர்க்க வேண்டும் என்பது அதன் விதி. இதில் மனசு கொஞ்சம் ஆறியது எங்கே என்றால், இந்த சாலட்டின் பிறப்புக் கதையில் நெத்திலி தனியாக வருவதில்லை. இத்தாலியில் பிறந்த சீசர் கார்டினி, அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த நாளில் எல்லை தாண்டி மெக்சிகோவின் டிஹுவானாவில் உணவகம் நடத்தினார். 1924 ஜூலை 4 அன்று கூட்டம் அலைமோத, கையில் மிஞ்சியிருந்ததை வைத்து அவர் செய்ததுதான் இது என்பது அவருடைய மகள் சொன்ன கதை. ரொமெய்ன் என்ற நீள லெட்யூஸ் இலையை நறுக்காமல் முழுசாகவே அடுக்கி, கையால் எடுத்துச் சாப்பிடக் கொடுத்தார்களாம். மீன் வாசனை வந்தது வூஸ்டர் சாஸ் என்ற புளிப்பான ஆங்கிலேய சாஸ் வழியாக மட்டும்தான். அதிலும் நெத்திலி உண்டு என்பது வேறு விஷயம். இப்போது நெத்திலி இல்லாத வூஸ்டர் சாஸும், சைவ ரென்னட் போட்ட கெட்டி சீஸும் இங்கே சாதாரணமாகக் கிடைக்கின்றன.

மிச்சம் நின்றது முட்டை. அங்கேதான் டின் உள்ளே வருகிறது.

இங்கே ஒரு டின் 400 கிராம். வடிகட்டினால் கடலை 240 கிராம். மீதி, கொழகொழவென்று மங்கலான மஞ்சள் நிறத்தில் ஒரு தண்ணீர். முதல் வருஷம் முழுக்க அதை நான் சிங்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சுண்டலுக்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் திட்டுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த நீரில்தான் அன்றைய ரசம். ஊரில் இருந்த அந்தப் புத்தி டின்னைப் பார்த்ததும் எங்கே போயிற்றோ.

கடலை வேகும்போது மாவுச்சத்தும் புரதமும் சப்போனினும் தண்ணீரில் இறங்குகின்றன. சப்போனின் என்பது பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கும் அதே வகைப் பொருள். இவை சேர்ந்து எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கின்றன. இந்த நீரை முட்டை வெள்ளைக்கருபோல அடித்து நுரைக்க வைக்கலாம் என்று 2014-இல் காட்டியவர் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர். அடுத்த வருஷம் கூஸ் வோல்ட் என்ற அமெரிக்க மென்பொருள் பொறியாளர் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். லத்தீனில் தண்ணீர், அவரை, அவ்வளவுதான் பொருள்.

ஒரு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி நீர். அதோடு ஒரு சிறு கரண்டி டிஜான் கடுகு விழுது, ஒரு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, நெத்திலியின் உப்புக்கரிப்புக்குப் பதிலாக ஒரு கரண்டி கேப்பர் (ஊறுகாய்போல உப்பில் போட்ட பூமொட்டு). உயரமான குவளையில் போட்டு, கை பிளெண்டரை அடியில் வைத்து ஓட்டிக்கொண்டே அரைக் கப் எண்ணெயை நூல்போல ஊற்ற வேண்டும். முழுக்க ஆலிவ் எண்ணெய் ஊற்றாதீர்கள். எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெய் அந்த வேகத்தில் அடிபட்டால் கசந்துவிடும். நான் சூரியகாந்தி எண்ணெயில் அடித்துவிட்டுக் கடைசியில் இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெயைக் கையால் கலக்கிறேன். முப்பது நொடி ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் கிளம்பி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்கு வந்து நிற்கும். நான்கு வருஷம் ஆகியும் அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம். பச்சை முட்டை பயம் இல்லாததால் குழந்தைக்கும் தயங்காமல் கொடுக்கிறேன். சில டின்களில் நீர் சன்னமாக இருக்கும். அதைச் சின்னப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டு கொஞ்சம் வற்றவைத்து ஆறவைத்தால் சரியாகிவிடும். உப்பு போட்ட டின்னா, போடாத டின்னா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இந்த டிரெஸ்ஸிங்கில் எனக்கு வேறு குறையே இல்லை.

இனி அந்தக் கடலை.

ரொட்டித் துண்டுக்குப் பதில் வறுத்த கொண்டைக்கடலை என்பதுதான் இந்த சாலட்டின் பெருமையாக எல்லோரும் சொல்வது. புரதமும் ஆச்சு, மொறுமொறுப்பும் ஆச்சு என்பார்கள். புரதம் சரி. மொறுமொறுப்புக்கு நான் செய்யாத வித்தை இல்லை. துணியில் உருட்டி ஈரம் எடுத்தேன். 240 கிராம் கடலைக்கும் ஒவ்வொன்றாகத் தோல் உரித்தேன்; இருபது நிமிடம் போனது. உப்பையும் மிளகாய்த்தூளையும் வறுத்த பிறகு தூவினேன். அணைத்த ஓவனில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து ஆறவிட்டேன். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் மூடாமல் காயவைத்து மறுநாள் வறுத்தேன். இந்தக் கடைசி வழி உண்மையிலேயே மற்றதைவிட நன்றாக வருகிறது, மறுக்கமாட்டேன். ஆனால் நேற்றே தொடங்க வேண்டிய ஒன்றை அவசர சமையல் என்று எப்படிச் சொல்வது?

ஓவனும் தப்பில்லை என்று ஆனபிறகு உட்கார்ந்து யோசித்தேன். வெந்த கடலையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். அரைமணி நேரச் சூட்டில் மேல்தோடு காய்ந்து கடகடவென்று ஆகிறது, உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. வெளியே எடுத்ததும் அந்த ஈரம் ஆவியாகத் தோட்டுக்கு வந்து அதை நமுக்க வைக்கிறது. வெளியிலிருந்து டிரெஸ்ஸிங், உள்ளிருந்து ஆவி, நடுவில் காகித கனத்துக்கு ஒரு தோடு. எவ்வளவு நேரம் தாங்கும்? ஊரில் கடலை வறுப்பவர்கள் சூடான மணலில் போட்டுப் புரட்டுவது வேகவைத்த கடலையை இல்லை. அதனால்தான் அந்த உப்புக்கடலை மாதக்கணக்கில் டப்பாவில் கெடாமல் கிடக்கிறது. டின்னில் இருப்பதோ ஏற்கனவே முழுக்க வெந்த கடலை. அதனிடம் அந்தக் குணத்தை எதிர்பார்த்தது என் தவறோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. இல்லை. அதை எதிர்பார்க்கச் சொல்லித்தானே இந்த சாலட்டையே கையில் கொடுத்தார்கள்.

ஐம்பது நிமிடம் வறுத்தால் உள்ளேயும் காயும். ஆனால் கருகல் வாசனை வந்துவிடும், கடித்தால் பல் கூசும். என் மாமியாரால் அதைச் சாப்பிட முடியவில்லை, ஓரமாக ஒதுக்கி வைத்தார். அலுவலகத்துக்குத் தனி டப்பாவில் எடுத்துப்போனால் மூடிக்குள்ளேயே வியர்த்துவிடும். காகிதப் பையில் போட்டுக் கொண்டுபோனால் மதியம்வரை ஓரளவு தாங்குகிறது.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டிலிருந்து சுடச்சுட எடுத்து வாயில் போட்டால் இதற்கு ஈடே இல்லை. என் கணவர் அடுப்படியில் நின்றபடியே பாதியைக் காலி செய்துவிடுகிறார். சாலட்டை மேசையில் வைத்து, எல்லோரும் உட்கார்ந்தபிறகு கடலையை மேலே தூவினால் முதல் ஐந்து நிமிடம் பிரமாதம். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருவதில்லை, அதுதான் சிக்கல். பிந்தி வருகிறவர்களுக்குக் கிடைப்பது ஈரக் கடலை.

சீசர் சாலட்டுக்கு உயிரே அந்த நொறுங்கல்தான். இலையின் நடுத்தண்டு ஒரு பக்கம், ரொட்டித் துண்டு ஒரு பக்கம், நடுவில் வழுவழுவென்று டிரெஸ்ஸிங். எண்ணெயில் புரட்டி உள்வரை காயவைத்த பழைய ரொட்டித் துண்டு அதே டிரெஸ்ஸிங்கில் கால் மணி நேரம் ஊறினாலும் நடுவில் நொறுங்கத்தான் செய்கிறது. ரொட்டியைத் தூக்கிவிட்டு வந்த கடலைக்கு அது முடியவில்லை. ரொட்டி பத்து நிமிட வேலை. கடலைக்கு முக்கால் மணி நேரம்.

இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறாளே என்று தோன்றும். இருந்தாலும் இன்றைக்கு என் தீர்ப்பு இதுதான்: வாரநாள் ராத்திரிக்கு இந்த சாலட்டைச் செய்யாதீர்கள். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். டிரெஸ்ஸிங்குக்கு மட்டும் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஆனால் கேள்வி சாலட்டைப் பற்றியது.

மறுநாள் காலையில் தங்கையிடம் அப்படியே சொன்னேன். "அப்ப டின் வேண்டாமா அக்கா?"

"வாங்கு. ரெண்டு கட்டு வாங்கு. தண்ணியை டிரெஸ்ஸிங்குக்கு எடுத்துக்கோ, ரொட்டியை வறுத்துப் போடு."

"கடலையை என்ன பண்றது?"

"கடுகு, பெருங்காயம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளிச்சு, தேங்காய் துருவிப் போட்டுச் சுண்டலாப் பண்ணிப் பக்கத்துல வை. அதுக்கு மொறுமொறுன்னு இருக்கணும்னு யாரும் கேக்க மாட்டாங்க."